டாக்டர் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியது

(சத்தியவேட்டில் நமது சங்கக் கிளை கூட்டிய குடும்பக் கூட்டத்தில், கிராமப் பயிற்சிக்கு வந்திருந்த மருத்துவ மாணவர்கள் முன்னிலையில் ஆற்றிய உரை. நேரமின்மையால் பேச்சில் விடுபட்ட சில விவரங்கள் சேர்க்கப்பட்டுள்ளன.)



வழக்கமாக டாக்டர்கள் நம் குடியிருப்புக்கு வந்தால் அது முகாமாகத்தான் இருக்கும். ஷாமியானா போடுவார்கள். ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். வைட்டமின் மாத்திரையும் இருமல் மருந்தும் கொடுப்பார்கள். மாலையில் பேனருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வேனில் ஏறிவிடுவார்கள். அதை நாம் இகழவில்லை. அந்த இருமல் மருந்தும் இல்லாத காலத்தை இங்கே முன்வரிசையில் இருக்கும் பாட்டிகள் அறிவார்கள். ஆனால் இம்முறை பேராசிரியரிடம் வேறு மாதிரி கேட்டோம். மாத்திரை வேண்டாம், இரண்டு மணி நேரம் கொடுங்கள், நாங்கள் பேசுகிறோம், பிள்ளைகள் கேட்கட்டும் என்றோம். அவர் சிரித்துவிட்டு, இதற்குப் பாடத்திட்டத்தில் என்ன பெயர் போடுவது என்றார். பிறகு அவரே ஒரு பெயர் சொன்னார்: ஹெல்த் பாலிசி அட்வகசி. சுகாதாரக் கொள்கைக்காக வாதாடுதல் என்று தமிழில் வைத்துக்கொள்வோம். வக்கீலைத்தான் அட்வகேட் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். டாக்டரும் அட்வகேட் ஆகலாம் என்பது நமக்கும் புதிய செய்திதான். தெலுங்கு மட்டும் அறிந்த மாணவர்களுக்கு நம் தோழர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே வருவார். எனவே நிறுத்தி நிறுத்திப் பேசுகிறோம்.

முதலில் நம்மிடையே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். யாருடைய பெயரும் வேண்டாம்.

திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தோழர் ஒருவர் கல் அரவை கிரஷரில் 11 ஆண்டு வேலை செய்தார். இருமல், மூச்சு வாங்கல், உடல் இளைப்பு. காசநோய் என்று ஆறு மாத மருந்து கொடுத்தார்கள். தின்றார். குறையவில்லை. மறுபடியும் ஆறு மாதம். மூன்றாம் முறையும் அதே மருந்து. மருந்தை ஒழுங்காகத் தின்றிருக்க மாட்டாய் என்று திட்டும் வாங்கினார். பிறகு நம் தோழர்கள் இருவர் அவரை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள். அங்கே ஹவுஸ் சர்ஜன் வேலை பார்த்த ஒரு பெண் பிள்ளை, "அப்பா, என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டார். மூன்று வருடத்தில் அதைக் கேட்ட முதல் டாக்டர் அவர்தான். கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு, 'கல் அரவை, 11 ஆண்டு' என்று அந்தப் பெண் எழுதினார். அதன் பிறகுதான் எக்ஸ்ரேயை வேறு கண்ணோடு பார்த்தார்கள். சிலிகோசிஸ் என்றார்கள். கல் தூசி நுரையீரலில் தங்கி, அதை இறுகச் செய்யும் நோய். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. அந்த நோய் உள்ளவர்களைக் காசநோயும் எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வது நாடெங்கும் நடக்கிறது.

இங்கே கதை முடிந்திருந்தால் அந்தப் பெண்ணை வாழ்த்திவிட்டு உட்கார்ந்திருப்போம். முடியவில்லை. சிலிகோசிஸ் என்பது தொழில் நோய். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே அது இடம்பெற்றது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், இப்படிப்பட்ட நோயைக் கண்ட டாக்டர் அதைத் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. தெரிவிக்கத் தவறும் டாக்டருக்கு அபராதமும் உண்டு. ஆனால் அந்த அறிக்கையை எந்தப் படிவத்தில் எழுதுவது, எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்று அந்த வார்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை. தேர்வுக்குச் சிலிகோசிஸ் பற்றி நான்கு பக்கம் படித்திருந்தார்; அந்த நான்கு பக்கத்தில் இது இல்லை. மேலே இருந்தவர், நமக்கு எதற்கு இந்த வம்பு என்றார். இரண்டு வாரத்தில் அந்தப் பெண்ணுக்கு வேறு வார்டு மாறிவிட்டது. நம் தோழர் போன தை மாதம் காலமானார். அவருடைய துணைவியார் இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். நஷ்டஈட்டு மனு இன்னும் நடக்கிறது. கிரஷரோ, இவர் எங்களிடம் வேலை பார்த்ததே இல்லை, காண்ட்ராக்டரைக் கேளுங்கள் என்கிறது.

தம்பி தங்கையரே, உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் இரக்கம் இருந்தது, கேட்கும் காது இருந்தது, கேஸ் ஷீட்டைத் திருத்தும் தைரியமும் இருந்தது. ஒரு தாள் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்ற அறிவு மட்டும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. ஐந்தரை ஆண்டுப் படிப்பில் அதற்கு இரண்டு மணி நேரம் கிடைக்கவில்லை.

வேலையைக் கேள் என்ற பாடமும் புதிதல்ல. இத்தாலியில் ரமாஜினி என்ற டாக்டர் 1700-ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். நோயாளியிடம் பழைய வைத்தியர்கள் கேட்கச் சொன்ன கேள்விகளோடு, உன் தொழில் என்ன என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள் என்றார். முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் நம்முடைய அட்டையில் 'கூலி' என்றுதான் எழுதுகிறார்கள். செங்கல் சூளையும் கூலி, கிரஷரும் கூலி, சாயப்பட்டறையும் கூலி!

இனிச் சற்று சரித்திரம். நம் நாட்டில் இதைப்பற்றி யாரும் யோசிக்கவில்லை என்று எண்ண வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1943-இல் சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு 1946-இல் அறிக்கை கொடுத்தது. பணம் கொடுக்க முடியாத காரணத்தால் எவருக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது என்பதும், டாக்டர் என்பவர் சமூக மருத்துவராக இருக்க வேண்டும், அதற்காக மாணவர்களுக்கு மூன்று மாதப் பயிற்சி வேண்டும் என்பதும் அதில் இருந்தவை. அந்தக் குழுவில் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் ஓர் உறுப்பினர். அவர் பிறந்தது கர்நூலில், பேர் எடுத்தது சென்னையில். அந்தக் காலத்தில் எல்லைக்கோடு யாரையும் நிறுத்தவில்லை.

பிறகு 1975-இல் ஸ்ரீவாஸ்தவா குழு வந்தது. 1977-இல் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று ஆரம்ப சுகாதார நிலையங்களை எடுத்துக்கொண்டு மாணவர்களைக் கிராமத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற திட்டம் வந்தது. பெரிய பெரிய வேன்கள் கொடுக்கப்பட்டன. வேன் வந்தது, கிராமத்துப் பாதை வேனுக்குத் தகுந்ததாக இல்லை. திட்டம் மெல்ல ஓய்ந்தது. 1978-இல் அல்மா ஆட்டாவில் கூடிய உலக நாடுகள், 2000-ஆம் ஆண்டுக்குள் அனைவருக்கும் நலவாழ்வு என்று அறிவித்ததையும் இங்கே சொல்லிவிட்டுப் போகலாம். 2000 வந்தது, போனது.

இப்போது நீங்கள் வந்திருப்பது 2021-22-இல் சேர்ந்த அணியிலிருந்து தொடங்கிய குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தின் கீழ். ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களைத் தத்தெடுக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் சொல்கிறது. தத்து என்ற சொல்லைக் கேட்டு நம் தாய்மார்கள் சிரித்தார்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளை நாலு பிள்ளை பெற்றவளைத் தத்தெடுப்பதா என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. ஆயினும் திட்டத்தை நாம் வரவேற்கிறோம். நாலு வருடம் ஒரே வீட்டுக்கு ஒரு டாக்டர் பிள்ளை வந்துபோனால், எடை பார்ப்பதோடும் சர்க்கரை பார்ப்பதோடும் அது நிற்காது. அந்த வீட்டில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, ரேஷன் கார்டு எந்த ஊரில் இருக்கிறது, காண்ட்ராக்டர் எவ்வளவு பிடித்துக்கொள்கிறான் என்பதெல்லாம் தானே காதில் விழும். விழுந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும் என்கிறோம்.

செய்துகாட்டியவர்கள் உண்டு. 1848-இல் ஜெர்மனியில் விர்ஹோ என்ற டாக்டர், வயது 26. மேல் சைலீசியா என்ற பகுதியில் டைபஸ் காய்ச்சல் கண்டு ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். பிரஷ்ய அரசாங்கம் அவரை விசாரிக்க அனுப்பியது. மூன்று வாரம் போலத் தங்கி வந்து அறிக்கை கொடுத்தார். மருந்து, ஆஸ்பத்திரி என்று எழுதுவார் என்று எதிர்பார்த்த அரசாங்கத்துக்கு அவர் கொடுத்த சிபாரிசு என்ன தெரியுமா? ஜனநாயகம் வேண்டும். கல்வி வேண்டும். சாலை வேண்டும். வரிச்சுமையை ஏழையின் தலையிலிருந்து இறக்கிப் பணக்காரன் தலையில் வைக்க வேண்டும். இன்னொன்று, அதை நாம் இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டும். அந்த ஜனங்கள் பேசியது போலிஷ் மொழி. அதிகாரிகளின் மொழி ஜெர்மன். ஆகவே போலிஷ் மொழியை ஆட்சிமொழியாக்க வேண்டும் என்று ஒரு காய்ச்சல் அறிக்கையில் அவர் எழுதினார். ஊர் திரும்பியவுடன் பெர்லின் தெருக்களில் நடந்த புரட்சியிலும் கலந்துகொண்டார். அடுத்த ஆண்டு பெர்லினில் அவர் வகித்த பதவி பறிபோய் வேறு ஊருக்குப் போனார். இன்று உங்கள் நோய்க்குறியியல் புத்தகத்தில் அவர் பெயர் பல இடத்தில் இருக்கும். இந்த அறிக்கை இருக்குமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

நம் சத்தியவேட்டின் சங்கதி என்ன? 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி வரை இது செங்கற்பட்டு மாவட்டம். எல்லை மாற்றத்தில் திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, சத்தியவேடு சித்தூர் மாவட்டத்துக்கு வந்தது. 2022 ஏப்ரலில் இருந்து திருப்பதி மாவட்டம். இங்கே பரம்பரையாக இருக்கும் தமிழ்க் குடும்பம் அசையாமல் இருந்தே மூன்று மாவட்டம் பார்த்துவிட்டது. வேலை தேடி வந்த நம்மைப் போன்றவர்கள் அதற்கு மேல். 2007-இல் இங்கே ஆரோக்கியஸ்ரீ வந்தது. 2009-இல் அங்கே காப்பீட்டுத் திட்டம் வந்தது. இரண்டும் நல்ல திட்டங்களே. இரண்டையும் வைத்து உயிர் பிழைத்தவர்கள் இந்தக் கூட்டத்தில் உண்டு. ஆனால் ரேஷன் கார்டு திருவண்ணாமலையில், உடம்பு சத்தியவேட்டில் என்றால் என்ன ஆகும்? 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் அட்டை எந்த மாநிலத்திலும் செல்லும் என்கிறார்கள். விதியில் செல்கிறது. கவுண்டரில் போய் நின்று பாருங்கள், ஊருக்குப் போய் எழுதிக்கொண்டு வா என்பார்கள். ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் படிவம் தமிழில், தாண்டாவிட்டால் தெலுங்கில். பிரசவ வலியோடு போகிற பெண் எந்த மொழியில் கத்துவது என்று யோசித்துக்கொண்டா போவாள்? நோயாளியின் மொழி தெரிந்த ஒருவரை ஆஸ்பத்திரியில் வைப்பது வைத்தியத்தின் ஒரு பகுதி என்று ஒரு டாக்டர் எழுதினால் அதற்கு இருக்கும் மதிப்பு, சங்கம் எழுதினால் இல்லை. நாங்கள் எழுதினால் அரசியல் என்பார்கள். நீங்கள் எழுதினால் மருத்துவக் கருத்து.

நம் பக்கத்து உதாரணம் வேண்டுமானால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். புதுக்கோட்டையில் பிறந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். பிறகு சென்னைச் சட்டமன்றத்துக்குப் போய் 1927-இல் துணைத் தலைவர் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். 1929-இல் ஒரு சட்டத் திருத்தம், 1947-இல் முழுச் சட்டம். இருபது ஆண்டு! தங்கை 1923-இல் புற்றுநோயில் இறந்தார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் வந்தது. முப்பத்தொரு ஆண்டு. இந்தக் கணக்கை ஏன் சொல்கிறோம் என்றால், நேற்று மனுக் கொடுத்தோம் இன்று ஆர்டர் வரவில்லை என்று நம் தோழர்களே சலித்துக்கொள்கிறார்கள்.

தொழிலாளர் சங்கமும் டாக்டர்களும் சேர்ந்த கதையும் உண்டு. சத்தீஸ்கரில் தல்லி ராஜ்ஹரா என்ற ஊரில் இரும்புச் சுரங்கத் தொழிலாளர்கள், சங்கர் குஹா நியோகி தலைமையில் சங்கம் கட்டினார்கள். சங்கத்தின் பெண் தலைவர் ஒருவர் பிரசவத்தில் இறந்துபோனபின், நமக்கென்று ஆஸ்பத்திரி வேண்டும் என்று முடிவு செய்து, தம் சந்தாவிலும் தம் கை உழைப்பிலும் கட்டி 1983-இல் ஷாஹீத் ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். அதற்குத் துணைநின்ற டாக்டர்களில் ஒருவர் பினாயக் சென். அவர் படித்தது இதோ பக்கத்தில் வேலூரில். இன்று நம் தெருவுக்கு வரும் ஆஷா அக்காவுக்கு முன்னோடியான சத்தீஸ்கரின் மிதானின் திட்டத்துக்கு ஆலோசனை சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

அவருக்கு என்ன ஆயிற்று என்பதையும் மறைக்கக் கூடாது. 2007 மே மாதம் கைது. 2010 டிசம்பரில் தேசத்துரோகம் என்று ஆயுள் தண்டனை. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. நேற்று மாலை ஒரு மாணவர் நம்மிடம் தனியாக வந்து, "அண்ணா, இதெல்லாம் பேசினால் எங்களுக்குப் பிரச்சினை வராதா?" என்று கேட்டார். வரலாம். வராது என்று பொய் சொல்ல மாட்டோம். அரசு வேலைக்குப் போனால் நடத்தை விதிகள் இருக்கின்றன, எங்களுக்கும் இருக்கின்றன. ஆனால் தம்பி, கேஸ் ஷீட்டில் தொழிலை எழுதுவதற்கு எந்த விதியும் தடை இல்லை. சட்டம் கேட்ட அறிக்கையை அனுப்புவது கலகம் அல்ல. அனுப்பாமல் இருப்பதுதான் குற்றம்.

ராஜஸ்தானைப் பாருங்கள். சுரங்கத்திலும் கல் வேலையிலும் நுரையீரல் போன தொழிலாளர்களின் சங்கங்கள் பல ஆண்டு போராடின. டாக்டர்கள் பரிசோதித்துச் சிலிகோசிஸ் என்று சான்று எழுத எழுத, எண்ணிக்கை கூடக் கூட, அரசாங்கம் மறுக்க முடியாமல் போயிற்று. 2019-இல் அந்த மாநிலம் இந்த நோய்க்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. எல்லாத் தொழிலாளிக்கும் எல்லாம் கிடைத்துவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே அந்த நோய்க்கு ஒரு பெயரும் ஒரு கோப்பும் இருக்கிறது.

கோப்பு என்றதும் எங்கள் தொழில் ஞாபகம் வருகிறது. ரயில்வே குமாஸ்தாக்களாகிய எங்களுக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான்: ஒரு தாள் எப்படி நகர்கிறது, எங்கே படுத்துக்கொள்கிறது என்பது. அதை உங்களுக்குத் தருகிறோம். ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும். பத்துக் கோரிக்கை எழுதினால், மிகச் சுலபமான ஒன்றுக்குப் பதில் எழுதிவிட்டு மீதி ஒன்பதோடு கோப்பை மூடிவிடுவோம்; எங்கள் கையாலேயே செய்திருக்கிறோம், வெட்கத்தோடு சொல்கிறோம். 'ஆவன செய்யவும்' என்று முடிக்காதீர்கள். யார், எந்த விதிப்படி, எதைச் செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். செய்யும் அதிகாரம் இல்லாதவருக்கு மனு எழுதினால் அவர் அதை மேலே அனுப்புவார், மேலே உள்ளவர் 'உரிய நடவடிக்கைக்கு' என்று அவருக்கே திருப்பி அனுப்புவார். இந்த ஊஞ்சல் ஆட்டம் ஆறு மாதம் ஓடும். பெற்றுக்கொண்ட முத்திரையும் எண்ணும் வாங்காமல் நகராதீர்கள். பதில் இல்லையென்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 30 நாள் கெடு.

இன்னொன்று: எண்ணிக்கை. ஒரு கிரஷர் தொழிலாளி இருமுகிறார் என்றால் அது அவர் தலைவிதி. ஒரே கிரஷரில் வேலை செய்தவர்களில் எத்தனை பேர் இருமுகிறார்கள், எத்தனை பேர் இரண்டு முறை காசநோய் மருந்து தின்றார்கள், அங்கே தூசி அடங்கத் தண்ணீர் தெளிக்கிறார்களா என்று ஒரு நோட்டில் எழுதினால் அது அதிகாரியின் மேசைக்குப் போகும் விஷயம். மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டால் போதும் என்று முதலாளி சொல்கிறார். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியைத் துணி நிறுத்தாது என்பதை உங்கள் வாயால் நம் ஜனங்களுக்குச் சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் வேலையைக் கெடுக்கிறோம் என்கிறார்கள்.

இ.எஸ்.ஐ. பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 2017-இல் சம்பள வரம்பு ரூ. 21,000 என்று உயர்ந்தது. 2019 ஜூலையிலிருந்து தொழிலாளியிடம் பிடிப்பது நூற்றுக்கு 75 பைசா, முதலாளி கட்டுவது 3 ரூபாய் 25 பைசா. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் முதன்மை முதலாளியே முதலில் கட்ட வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. நம் ஆட்களின் சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கும், ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டால் எண் இருக்காது. சீட்டே கொடுக்காத இடங்கள் வேறு. நோயாளியிடம் இ.எஸ்.ஐ. எண் உண்டா என்று கேட்பதும் நோயை விசாரிப்பதுதான்.

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. டாக்டர் பிள்ளைகள் வேறு வர்க்கம், படித்து முடித்தால் நர்சிங் ஹோம் வைப்பார்கள் அல்லது அமெரிக்கா போவார்கள், இவர்களுக்குச் சொல்லி என்ன பயன் என்று கிளைக் கூட்டத்தில் விவாதம் நடந்தது. பாதிப் பேர் போகட்டுமே. இப்போதைய விதிப்படி மேல்படிப்பு படிக்கும் டாக்டர்களும் மூன்று மாதம் மாவட்ட ஆஸ்பத்திரியில் வேலை செய்தாக வேண்டும். அவர்களில் ஒருவர் தொழிலை எழுதக் கற்றிருந்தால், அந்த மூன்று மாதத்தில் எத்தனை கேஸ் ஷீட் திருத்தப்படும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நாமும் ஒன்று செய்ய வேண்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் நாமே, கிரஷரில் இத்தனை வருடம், சூளையில் இத்தனை வருடம், எழுதிக்கொள்ளுங்கள் அம்மா என்று சொல்லப் பழக வேண்டும். பயந்துகொண்டு கூலி என்று சொல்வதும் நம் வாய்தானே.

நேரம் ஆகிவிட்டது; டீ ஆறிக்கொண்டிருக்கிறது. மாணவர்கள் நால்வர் நால்வராகப் பிரிந்து ஒவ்வொரு வரிசை வீட்டுக்கும் நம் தோழர் ஒருவருடன் போகிறீர்கள். தமிழ் தெரியாதவர் குழுவில் தமிழ் தெரிந்த ஒருவராவது இருக்கட்டும். தராசையும் பி.பி. கருவியையும் இங்கேயே வைத்துவிட்டு நோட்டு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசையில் இருப்பவர்கள் இரவு ஷிப்டுக்கு ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார்கள், அவர்களை முதலில் பாருங்கள். மூன்றாவது வரிசை அம்மாவிடம் அவர் கணவரின் பழைய எக்ஸ்ரேக்கள் எல்லாம் ஒரு துணிப்பையில் இருக்கின்றன. கேட்டால் காட்டுவார்.